கடலை மிட்டாய் ஊரில் ஹாக்கி மட்டை

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குப் பல வருஷமாகக் கடலை மிட்டாய்தான். என் தம்பி அங்கே வேலைக்குப் போய், கல்யாணமாகி, குடியும் அமர்ந்துவிட்டான். ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது இரண்டு பாக்கெட் கடலை மிட்டாயோடுதான் வருவான். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தானே பாகு காய்ச்சியவன் மாதிரி போன் பண்ணிப் பீற்றிக்கொண்டான். "எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் போன வருஷமே வாங்கியாச்சுடா"ன்னு நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் இந்த மாசிப் பிறப்பில் நான் கோவில்பட்டிக்குப் போனது மிட்டாய்க்காக இல்லை. என் பெண்ணுக்காக.

எங்கள் ஊர் கான்சாபுரம். கான் சாகிபு பேரில் வந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேற்கே பார்த்தால் மலை, சுற்றிலும் வயலும் தென்னையும். என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் இவள் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஓடியாடட்டும், ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். போன டிசம்பரில் ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது இல்லையா, என் தம்பி அவளை மதுரைக்கு ஒரு மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதோடு பிடித்தது சனி! 'விளையாட்டு விடுதியில் சேர்ந்து படிக்கிறேன், தேர்வுக்குப் போகணும், படிவத்தில் கையெழுத்துப் போடுங்க' என்று தினமும் நச்சரிப்பு.

படிவம் டி.வி. மேஜை டிராயரிலேயே கிடந்தது. என்னவர், "அம்மா என்ன சொல்றாங்களோ" என்பார். அம்மா என்றால் என் மாமியார். அத்தை, "பொம்பளப் பிள்ள அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடவா? பல்லு கில்லு உடஞ்சா யாரு கட்டுவா?" என்பார். நானோ, உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும்போது நானும் கோ-கோ ஆடியவள்தான். வட்டார அளவில் ஜெயித்து ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். பதினோராம் வகுப்போடு படிப்பும் போயிற்று, கோ-கோவும் போயிற்று. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்போது எங்களுக்கே அது குற்றமாகத் தெரியவில்லை.

"அக்கா, நீயே ஒரு தடவை வந்து பாரு. பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லு, நானே அவகிட்ட பேசுறேன்"னு தம்பி சொன்னான். அது நியாயமாகப் பட்டது. அத்தையையும் கூப்பிட்டேன். செண்பகவல்லி அம்மனைப் பார்க்கலாம் என்றதும் சரி என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, சிவகாசி, சாத்தூர் வழியாகப் பயணம். சிவகாசி தாண்டியதும் பச்சை குறைந்து கரிசல் காடு விரிய ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த மண்ணைப் பார்த்தால் ஏதோ நாலைந்து ஜில்லா தாண்டி வந்துவிட்ட மாதிரி இருக்கும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் காராச்சேவு வாங்காமல் வருவது பாவம் என்பது அத்தையின் கட்சி. வாங்கினோம். ஜன்னல் ஓரத்தில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்த என் மகளைப் பார்த்து பக்கத்து சீட் பாட்டி, "இது என்ன தாயி, குடை மாதிரி வளஞ்சிருக்கு?" என்று கேட்டார். கோவில்பட்டியில் இறங்கியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அங்கே அந்த மட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் அண்ணாச்சி ஏறும்போதே, "கிரவுண்டுக்கா, வீட்டுக்காம்மா?" என்றுதான் கேட்டார்.

தீப்பெட்டித் தொழிலும் கடலை மிட்டாயும் மட்டுமில்லை, ஹாக்கியும் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கி.ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவருக்கு இந்த ஊரில் மணிமண்டபமும் கட்டியிருக்கிறார்கள். இலக்கியம் தெரிந்தவர்கள் அதைப் பார்க்க வருவார்கள், ஆட்டம் தெரிந்தவர்கள் கிருஷ்ணா நகர் மைதானத்தைப் பார்க்க வருவார்கள். அங்கே செயற்கைப் புல்தரை போட்ட ஸ்டேடியம் இருக்கிறது. பெரும்பாலும் மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே நடக்கும். ரயில்வே, பாங்க், ராணுவம் என்று வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். ஊரே சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுமாம். "சினிமாவுக்குப் போற மாதிரி போவோம் மதினி, பிள்ளைகளுக்குப் பாலைக் கலக்கிப் பாட்டில்ல எடுத்துக்கிட்டு" என்றாள் என் தம்பி மனைவி.

இந்த ஊர்ப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022-ல் இந்திய அணிக்குத் தேர்வாகி ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடினார்கள். பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அந்த முறை இந்தியாவுக்கு வெண்கலம். தம்பி சொன்னான், அந்த ராத்திரி இந்தத் தெருவில் வெடிச்சத்தம் அடங்கவே இல்லையாம். பக்கத்திலேயே சிவகாசி இருக்கும்போது வெடிக்கு என்ன பஞ்சம்!

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தம்பி பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கிக்கொண்டு வந்தான். உள்ளே அவனுடைய பழைய மட்டை. பிடியில் சுற்றிய டேப் காய்ந்து உதிர்ந்தது. அவன் ஹாக்கி ஆடினான் என்று எனக்குத் தெரியும், ஏன் விட்டான் என்று தெரியாது. பள்ளி அணிகளுக்கான ஒரு அரையிறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடிவு. இவன் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. "ஒரு ஜாண்தான் இருக்கும்க்கா" என்று கையை விரித்துக் காட்டினான். இருபத்தைந்து வருஷமாகியும் அந்த ஜாண் அளவு அவனுக்கு மறக்கவில்லை.

லீக் ஆட்டம் என்றால் இன்றைக்குத் தோற்றாலும் நாளைக்கு ஒரு ஆட்டம் உண்டு. நாக்-அவுட் அப்படி இல்லை, தோற்றால் வீட்டுக்கு. பந்தியில் இலையை எடுத்துவிட்ட மாதிரி. அதனால்தான் அந்த ஆட்டங்கள் மட்டும் காலா காலத்துக்கும் மனதில் நிற்கின்றன என்று சொல்லிவிட்டு, தம்பி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். நான் அடுப்படி வேலை செய்துகொண்டே அரைகுறையாகக் கேட்டிருந்த பெயர்களெல்லாம் அன்றைக்குத்தான் முகத்தோடு வந்து நின்றன.

1975, கோலாலம்பூர், உலகக் கோப்பை அரையிறுதி. எதிரே சொந்த மண்ணில் ஆடும் மலேசியா. நமக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு. ஆட்டம் முடிய சில நிமிஷங்களே பாக்கி. அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்புகிறார்கள். அவர் கழுத்தில் கிடந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டுப் பெனால்டி கார்னரை அடித்தார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட இந்தியா ஜெயித்தது. இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றோம். அந்த வெற்றிக் கோலைப் போட்ட அசோக் குமார், தயான் சந்தின் மகன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது, கோலே இல்லை என்று பாகிஸ்தான்காரர்கள் வாதாடினார்கள். நடுவர் கோல் என்றார். ஆண்களுக்கான ஹாக்கி உலகக் கோப்பை நம்மிடம் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்த அணியில் நம் சென்னைக்காரர் வி.ஜே.பிலிப்ஸும் இருந்தார்.

ஐந்து வருஷம் கழித்து, 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். கேப்டனே தமிழ்நாட்டுக்காரர், வாசுதேவன் பாஸ்கரன். இறுதியில் ஸ்பெயினோடு 3-0 என்று முந்திவிட்டோம். இனி என்ன என்று இருக்கும்போது அவர்கள் ஒன்று, இரண்டு என்று ஏறி வந்துவிட்டார்கள். கடைசியில் 4-3. மயிரிழையில் தங்கம். அந்த வருஷம்தான் ஒலிம்பிக்ஸில் முதல்முதலாகப் பெண்கள் ஹாக்கியும் சேர்ந்தது. நம் பெண்களும் போனார்கள், நாலாவது இடம். தங்கம் வாங்கியது யார் தெரியுமா? ஜிம்பாப்வே! பல நாடுகள் வராமல் போனதால், போட்டிக்குச் சில வாரம் முன்புதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவசர அவசரமாகச் சேர்த்த அணி. ஜெயித்து வந்தால் ஆளுக்கொரு மாடு என்று சொல்லி, கடைசியில் பொட்டலத்தில் இறைச்சியாகக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இதைக் கேட்டு என் அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் விளக்குப் போட்டார்கள்.

சிரிப்பு மட்டும் இல்லை, கண்ணீரும் உண்டு. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ஆண்கள் இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். கோல் கீப்பர் நெகியைத் துரோகி என்கிற அளவுக்கு ஜனங்கள் பேசினார்கள். அதே போட்டியில் நம் பெண்கள் தங்கம் வாங்கியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். 2000-ல் சிட்னியில் போலந்தோடு ஆட்டம். ஜெயித்திருந்தால் அரையிறுதி. ஒரு கோல் முன்னால் இருந்தும் கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் அவர்கள் சமன் செய்துவிட்டார்கள். அப்போது பயிற்சியாளர் அதே பாஸ்கரன். அணியில் தன்ராஜ் பிள்ளை. பூனா பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒடிந்த மட்டையை ஒட்ட வைத்து ஆடிப் படித்தவர். 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில்தான் 32 வருஷத்துக்குப் பிறகு ஆசியத் தங்கம் வந்தது. கொரியாவோடு சமனாகி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல் கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்துக் கொடுத்த வெற்றி. இரண்டே வருஷத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு விதமான ராத்திரி, பாருங்கள்.

எனக்கே நேரில் பார்த்த மாதிரி நினைவிருப்பது 2021 டோக்கியோ. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த சமயம். ஆகஸ்ட் 2, காலை எட்டரை மணிக்குப் பெண்கள் காலிறுதி, ஆஸ்திரேலியாவோடு. நான் இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். குர்ஜித் கவுர் ஒரு கோல் போட்டார். அதற்கப்புறம் கோல் கீப்பர் சவிதா ஒன்றையும் உள்ளே விடவில்லை. மணி அடித்ததும் அந்தப் பெண்கள் அழுததைப் பார்த்து நானும் கரண்டியோடு நின்று அழுதேன். இட்லி கல்லாகிவிட்டது, அது வேறு விஷயம். மூன்று நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு ஆண்கள் வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு ஆடினார்கள். 5-4 என்று முன்னால் இருக்கும்போது, ஆறே வினாடி பாக்கியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக்ஸ் பதக்கம். அந்த ஸ்ரீஜேஷுக்குக் கோல் கீப்பர் உடுப்பு வாங்க அவருடைய அப்பா வீட்டுப் பசுவை விற்றாராம். மறுநாள் நம் பெண்கள் வெண்கலத்துக்கு ஆடி, 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று முந்தி, கடைசியில் 3-4 என்று பிரிட்டனிடம் தோற்றார்கள். எனக்கு அந்தத் தோல்விதான் வெண்கலத்தைவிட அதிகம் நினைவிருக்கிறது.

அந்தப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ராணி ராம்பால். ஹரியானாவில் ஷாஹாபாத் என்கிற ஊர். அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர். தம்பி இவர் கதையைச் சொன்னபோதுதான் அத்தை வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினம் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும் என்று விதி. இவர்கள் வீட்டில் இருநூறு மில்லிக்குத்தான் வழி. யாருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்து குடித்துவிட்டு ஆடுவாராம். குட்டைப் பாவாடையில் ஓட விடமாட்டோம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டேதான் ஆடியிருக்கிறார். வீட்டில் கடிகாரம் கிடையாது. விடியற்காலைப் பயிற்சிக்கு நேரமாகிவிடக் கூடாதே என்று அந்த அம்மா தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து பிள்ளையை எழுப்பிவிடுவாராம்.

"வானத்தைப் பாத்தா?" என்று கேட்டார் அத்தை.

"ஆமாத்தை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. என் தம்பி மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் கனடாவில் டொராண்டோவில் இருக்கிறார். அங்கே ஹாக்கி என்றாலே பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடுவதுதானாம். பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வட்டு. சீசன் கடைசியில் ஸ்டான்லி கோப்பைக்காக நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவர்கள் மேலே போவார்கள். அந்த ஆட்டங்களில் சமன் என்ற பேச்சே கிடையாது. ஒரு கோல் விழும்வரை இருபது இருபது நிமிஷமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 1936-ல் மாண்ட்ரியாலில் ஒரு ஆட்டம் ராத்திரி எட்டரைக்கு ஆரம்பித்து அதிகாலை இரண்டேகால் மணி தாண்டி, ஆறாவது கூடுதல் பகுதியில், ஒரே ஒரு கோலில் முடிந்தது. டெட்ராய்ட் அணியின் புரூனெட்டோ என்கிற இளவட்டம் அடித்தது. சிவராத்திரிதான்! ஜெயித்த அணியில் ஒவ்வொருவருக்கும் அந்தக் கோப்பையை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுப்பார்களாம். சிலர் கைக்குழந்தையை அதற்குள் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் கோப்பைக்குள் செய்யக் கூடாததைச் செய்ததும் உண்டு. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் விடிகாலையில் மைதானம். இருட்டுப் பிரியாத நேரத்திலேயே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சைக்கிளில் சிலர், அப்பாவின் பைக்கில் சிலர். ஒரு பெண் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவோடு நடந்தே வந்தாள். அம்மா அவளை வாசலில் விட்டுவிட்டு, தூக்குவாளியோடு அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

புல்தரை என்றால் நான் நிஜப் புல் என்றே நினைத்திருந்தேன். கையால் தடவிப் பார்த்தேன், புதுப் பிரஷ் மாதிரி இருக்கிறது. தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம், 55 மீட்டர் அகலம். ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள், பந்து ஒரே சீராக ஓடவும், விழுந்தால் முழங்கால் உரியாமல் இருக்கவும். கரிசல் பூமியில் குடத்தோடு நின்று பழகிய நமக்கு அதைப் பார்த்தால் வயிறு பகீர் என்கிறது. அத்தை, "இந்தத் தண்ணிய நம்ம தென்னைக்கு விட்டா..." என்று ஆரம்பித்துவிட்டார். ஒலிம்பிக்ஸில் 1976-ல் இருந்தே செயற்கைத் தரைதான். மண் தரையில் பழகிய நம் நாடு அப்போது பின்தங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அப்படியிருக்க, இந்த ஊருக்கு இது வந்தது சின்ன விஷயமில்லை.

பந்து கையில் வாங்கிப் பார்த்தேன். நூற்று அறுபது கிராம்தான், ஆனால் கல் மாதிரி. அத்தையின் பல் பயம் ஒன்றும் வீண் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. அங்கே பொறுப்பாக நின்ற ஒரு பெரியவரிடம் நேராகவே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "அடி படும்மா. படாதுன்னு சொன்னா பொய். வாயில பல்லுக் கவசம், காலுல ஷின் பேட், இது ரெண்டும் இல்லாம உள்ள விடக் கூடாது." சாப்பாடு பற்றியும் கேட்டேன். விலை உயர்ந்த பவுடர் எல்லாம் வேண்டாம், காலையில் கேழ்வரகுக் கூழ், ஒரு முட்டை, ஊற வைத்த கடலை, மத்தியானம் கீரை, பருப்பு போதும் என்றார். பயிற்சி முடிந்ததும் ஒரு கடலை மிட்டாய், நிறையத் தண்ணீர். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று அங்கிருந்த ஒரு பெண் பயிற்சியாளரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "முடிஞ்சா ஆடலாம், வலிச்சா உக்காரலாம், அதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது, அவ்வளவுதாங்க்கா" என்றார். எங்கள் காலத்தில் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல ஒருத்தர் இருந்திருந்தால், நான் சோப்பு டப்பாவோடு நின்றிருக்க மாட்டேனோ என்னவோ.

இன்னொன்றும் கேட்டேன், எல்லா அம்மாவும் கேட்பதுதான்: இதில் பிழைப்பு உண்டா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், ரயில்வே, போலீஸ் வேலை என்று போனவர்களைச் சொன்னார். 2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கு மட்டும் ஹாக்கி இந்தியா லீக் முதல்முதலாக நடந்தது. ஏலம் போட்டுச் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற லீக். குடியரசு தினத்தன்று இறுதி ஆட்டம், ஒடிசா வாரியர்ஸ் 2-1 என்று சூர்மா அணியை வென்றது. இரண்டு கோலும் ருதுஜா என்கிற மகாராஷ்டிரத்துப் பெண் போட்டது. ஆனால் பெரியவர் உடனே, "ஆயிரத்துல ஒண்ணுக்குத்தான் அது கெடைக்கும். அதை நம்பி அனுப்பாதீங்க. பிள்ளை ஆசைப்பட்டா அனுப்புங்க" என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனுஷர் மேல் நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையால்தான்.

எட்டு மணி வாக்கில் பெண்களை இரண்டாகப் பிரித்து ஒரு சின்ன ஆட்டம். என் மகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. உடனே 'ஷூட்-அவுட்' என்று கூச்சல். இப்போதெல்லாம் பழைய பெனால்டி ஸ்ட்ரோக் முறையில் முடிவு செய்வதில்லை. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி, எட்டே வினாடிக்குள் கோல் கீப்பரை ஏமாற்றிப் போட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர். 2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனோடு இப்படித்தான் ஜெயித்தோம். பதினேழாவது நிமிஷத்திலேயே ஒரு ஆளைச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேராகவே தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, பிறகு ஷூட்-அவுட்டில் 4-2.

என் மகள் ஐந்தாவது ஆள். அவள் கோட்டுக்குப் போய் நின்றபோது இரண்டு பக்கமும் சமம். என் தம்பி எழுந்து நின்றுவிட்டான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். விசில். ஓடினாள். இடப்பக்கம் போவது போல் காட்டி வலப்பக்கம் திரும்பினாள், அதுவரை சரி. கோல் கீப்பர் குறுக்கே விழுந்தாள். என் மகள் அவசரப்பட்டு அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே உருண்டது.

நான் தம்பியைத்தான் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதிர்ப் பக்கத்துக் கடைசிப் பெண் போட்டுவிட்டாள், ஆட்டம் முடிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவின் மகள்தான் அது. என் மகள் முழங்காலில் கை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். இதோ அழப்போகிறாள், ஓடி வந்து என் முந்தானையில் விழுவாள், ஊருக்குப் போகலாம் என்பாள் என்று நான் எழுந்துவிட்டேன். அவள் போய்ப் பந்தை எடுத்தாள். கோல் கீப்பரிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கையைக் காட்டி என்னவோ விளக்கினாள். இருவரும் திரும்ப அந்தக் கோட்டுக்குப் போனார்கள். மறுபடி ஓடினாள். மறுபடி தடுத்துவிட்டாள். மறுபடி. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, பயிற்சி முடிந்து மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் நிறுத்துவதாக இல்லை. தம்பி மெதுவாகக் கீழே இறங்கிப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்து அடிக்கணும் தாயி, அவ விழுகிறவரைக்கும்" என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போனோம். அத்தை வெகு நேரம் கண்ணை மூடி நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. கடலை மிட்டாய் இரண்டு கிலோ வாங்கினோம். வரும் வழியில் பஸ்ஸில் என் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மடியில் இரண்டு மட்டைகள், ஒன்று அவளுடையது, ஒன்று பரணிலிருந்து இறங்கியது.

ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. என்னவர் திண்ணையில் இருந்தார். அத்தை காலைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார், "ஏம்மா, அந்தத் தேர்வு என்னைக்கு? விடிகாலைல எத்தன மணிக்கு எழுப்பணும்?"

நான் டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தேன். என்னவர் எழுந்து, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தார்.